ஒரு புல் விதை

கண்ணாடிக் கூரைக்குள் உருவாக்கிய ஆதிகால ஆற்றைப் பராமரிப்பதுதான் கிருபாவின் வேலை. கரையில் பூக்கவே தெரியாத மரங்கள், வேரடியில் மரவட்டைகள், சேற்றில் நான்கு துடுப்புகளை ஊன்றி நகரும் மீன்கள். உலகத்தில் புல்லே முளைக்காத காலத்து ஆறு அது. உள்ளே ஒரு புல் விதை வந்தாலும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் கழுவி முடிக்கும்வரை யாரும் வெளியேற முடியாது.

அன்று மாலை மகள் நவோமிக்குப் பள்ளியில் நாடகம். கிருபா கிளம்பும் நேரத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது; கதவுகள் பூட்டிக்கொண்டன.

"விதை உங்க முடியிலதான் ஒட்டியிருந்திருக்குக்கா," என்றான் மேற்பார்வையாளன் ஜெபராஜ்.

"என்னை மட்டும் விட்டுடு தம்பி. பிள்ளை காத்திட்டிருப்பா."

"கதவு என் பேச்சைக் கேக்காதுக்கா."

கிருபா கதவை ஓங்கிக் குத்தினாள். காலடியில் ஊர்ந்து வந்த மீனைப் பார்த்து, "நீ வேற ஏன் வர்றே? போய்த் தொலை!" என்று கத்தினாள். அது அசையவில்லை.

கதவு திறந்தபோது நாடகம் முடிந்திருந்தது. வெளியே வைத்திருந்த போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மகள்தான் எடுத்தாள்.

"பின்னால நின்னு பாத்தேன்டா. ரொம்ப நல்லா நடிச்சே. வேலை இருந்ததால உடனே வந்துட்டேன்."



"நான் நடிக்கலையேம்மா. நீ வந்ததும்தான் மேடை ஏறுவேன்னு அழுதேன். டீச்சர் வேற பிள்ளையை ஏத்திட்டாங்க."