ஒரு சாண் உயரத்தில்

எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகத்தைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் எது என்று முடிவெடுக்கவே நஞ்சப்பன் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். மாட்டிய பிறகு காரின் பானெட் நாலு விரற்கடை மூடவில்லை. அதில் ஓட்டை போடச் சம்மதிக்க இன்னும் மூன்று வாரம். மெக்கானிக் மயில்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகாவது வண்டியை எடுத்துப் போனாரா? அதுதான் இல்லை.

“ரோடு வேண்டாங்க. லிஃப்ட்லயே ஏத்துங்க.”

காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டின் மேல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சக்கரங்கள் சும்மா சுற்ற, ஞாயிறுதோறும் மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டினார். இல்லாத வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். ஹாரன் வேறு. ஷெட்டில் இருப்பதோ ஒரே லிஃப்ட். மற்ற வண்டிகள் வெயிலில் காய்ந்தன.

“இதுக்குத்தானுங்களா சார் இத்தன பாடு? இன்னைக்கு எறக்கிருவேன், சொல்லிட்டேன்!”

“ஒரே ஒரு ரவுண்டுங்க.”

முள் நூற்று நாற்பதைத் தொட்டது. சட்டென்று பிரேக்கை மிதித்தார். லிஃப்டே குலுங்கியது. இறங்கியவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“யாரோ குறுக்க வந்துட்டாங்க, மயில்சாமி. அடிபட்டிருச்சான்னு பாருங்க. என்னால பாக்க முடியாதுங்க.”

எதிரே ஷெட்டின் சுவர்தான் இருந்தது. மயில்சாமி வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே டார்ச்சை எடுத்துவந்து, முன்சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார்.