பிறை முத்திரை

மாமா திரும்பி வந்தபோது, மச்சான் அவருடைய காலை நேர உழைப்பை அறுத்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரம். பட்டறையில் ஈ காக்கை இல்லை. மாமா பார்த்துப் பார்த்து முடித்து வைத்த இரும்புக் கயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வளையத்துக்குக் கீழே அறுப்பு மெஷினை வைத்துத் துண்டாக்கி, கழிவுத் தொட்டியில் வீசிக்கொண்டிருந்தான் அவன்.

பளு தூக்குகிற கயிறு அது. முனையை வளையமாக மடக்கி, அலுமினியக் குழலைக் கோத்து, சரியான அளவுள்ள, டை என்கிற அச்சைப் பூட்டிய பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால் குழல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். அமுக்கியவர் அதன் மேல் தன் முத்திரையை அடிக்க வேண்டும். மாமாவுக்குப் பிறை, மச்சானுக்கு முக்கோணம். இழுவைச் சோதனையில் குழல் நழுவினால் முத்திரைக்காரருக்கு அன்றோடு வேலை போச்சு. அந்த விஷயத்தில் முதலாளி முகம் பார்க்க மாட்டார்.

இன்று மாமாவின் கயிறுகளுக்குச் சோதனை. தேறினால் அவர்தான் ஃபோர்மேன். தேறாவிட்டால் அந்த நாற்காலி மச்சானுக்கு.

தேறாமல் போகுமா என்ன? மாமாவின் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்கு வீட்டில் மாமிக்குத்தான் அர்ச்சனை விழும். தேறிவிடும் என்ற நம்பிக்கையில் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, ஃபோர்மேனுக்கு அழுக்குச் சட்டையா என்று கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டதால் சட்டையின் அளவைக்கூடக் கடைப்பெண்தான் படித்துச் சொன்னாள். எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தோடு வந்து பார்த்தால், இது.

"அடப்பாவி! என்னடா பண்றே?"

மச்சான் மெஷினை நிறுத்தினான். வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான். "மாமா... நீங்க இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு..."

"நினைக்கலை, அதானே?" மாமாவின் பார்வை மேசைக்குப் போனது. அவருடைய பெட்டி திறந்து கிடந்தது. பிறை முத்திரை வெளியே கிடந்தது. "என் பெட்டியையும் குடைஞ்சிருக்கே! இன்னும் என்னடா பாக்கி வெச்சிருக்கே?"

மாமியின் தம்பியாயிற்றே என்று இவனை இங்கே சேர்த்துவிட முதலாளியின் கையைக் காலைப் பிடித்தவர் அவர். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. வெளியாள் செய்திருந்தால் வெறும் கோபத்தோடு போயிருக்கும். இவன் செய்ததால் அழுகை வந்தது. அதை இவன் முன்னால் காட்டக் கூடாதென்றே கத்தினார்.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டியேடா!"

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். மாமா தொட்டியைக் காட்டினார். "நான் ஃபோர்மேன் ஆகிடுவேன்னு பொறாமைங்க. வேணும்னா அவனையே கேளுங்க."

"ஏம்பா அறுத்தே?" என்றார் முதலாளி.

மச்சான் மாமாவைப் பார்த்தான். அவருடைய புதுச்சட்டையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பொறாமைதாங்க."

"பாருங்க, வாய் கூசாம சொல்றான்!"

"கிளம்புப்பா. இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே" என்றார் முதலாளி.

மச்சான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டான். அதைத் திறந்த மாதிரியே தெரியவில்லை. வாசலில் நின்று, "இதுக்காக அக்காவைத் திட்டாதீங்க மாமா" என்றான்.

"வீட்டுப் பக்கமும் வந்துடாதே!"

சோதனை ஆரம்பித்தது. அறுபட்டது போக மிச்சம் மீதியாவது தேறட்டும் என்று மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முடித்த கயிறுகளை அடுக்கியிருந்த தள்ளுவண்டியிலிருந்து ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டி இழுத்தார்கள். எல்லாக் குழலிலும் பிறை. ஒன்றுகூட நழுவவில்லை.

"எல்லாம் பாஸ்" என்றார் சோதனைக்கு வந்திருந்த அம்மா. "வேலை சுத்தமா இருக்கு. நாங்க கேட்ட எண்ணிக்கையும் சரியா இருக்கு."

மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். 'கெடுக்க நினைச்சான், கடவுள் கண் திறந்துட்டார்' என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளியின் நெற்றிதான் சுருங்கியது. "எண்ணிக்கை சரியா இருந்தா, அவன் எதை அறுத்தான்?"

போய்த் தொட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, குழலின் மேல் தடிமன் பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் நுழையவில்லை. தொட்டியில் கிடந்த எல்லாக் குழல்களும் ஒரே மாதிரி தடித்திருந்தன. எல்லாவற்றிலும் பிறை.

"ஒரு சைஸ் பெரிய டையைப் பூட்டி அமுக்கியிருக்கு. இதை இழுத்திருந்தா கயிறு உருவிக்கிட்டு வந்திருக்கும்."

டையின் விளிம்பில் சைஸ் எண் கடுகளவுதான் பொறித்திருக்கும். மாமாவின் கை தானாகப் புதுச்சட்டைப் பைக்குப் போய்க் கண்ணாடியைத் தேடியது. பை காலி.

முதலாளி அந்தத் துண்டை அவர் கையில் வைத்தார்.

"அப்போ, பாஸானதையெல்லாம் யாரு அமுக்கினது?"