பின்மூடிக்குள் ஒரு பெயர்

கச்சேரிகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதைச் செய்த அருள்தாசன், தன் பெயரையும் போன் நம்பரையும் பின்மூடியின் உட்புறத்தில் மட்டுமே எழுதுவார். பழுதானால் திறப்பவர்கள் கூப்பிடட்டும் என்பது அவர் கணக்கு. பத்து வருஷமாக அது பழுதாகவே இல்லை.

"கிட்டார் அண்ணே, நான் இன்னிக்கு மேடையில ஊமையாயிடட்டா? அப்பவாவது அவர் பேர் வெளிய தெரியும்" என்று அன்றைய கச்சேரிக்கு முன் தன்னோடு இணைத்திருந்த கிட்டாரிடம் கேட்டது ஆம்ப்ளிஃபயர்.

"தெரியும்டா, நாறிப்போய்த் தெரியும். ஒழுங்கா பாடு!"

ஆம்ப்ளிஃபயர் மனசில்லாமல் ஆரம்பித்து, உயிரைக் கொடுத்துப் பாடி முடித்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த குழுவின் கிட்டார்காரி மேடைக்கு ஓடிவந்தாள்.

"இது யார் செஞ்சது?"

யாருக்கும் தெரியவில்லை. அவள் தன் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

"நல்லாத்தானேண்ணே பாடினேன், எதுக்குத் திறக்கிறாங்க?" என்று பதறியது ஆம்ப்ளிஃபயர்.

"நல்லாப் பாடினதாலதான்டா."