கீழ்வீட்டார்

சீனாவுக்கு வேலைக்குப் போன பிரதாபன் அங்கே புதுக் குடியிருப்புக்கு மாறி ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. லண்டன் சட்டனில் அவன் மனைவி கோசிகா மதியச் சம்பலுக்குத் தேங்காய் அரைக்கும் நேரம் பார்த்துத் தினமும் அழைத்தான்.

“இங்க எனக்குக் கீழ்வீட்டார் திரும்பவும் முறைப்பாடு. இண்டைக்கும் கிரைண்டர் சத்தம் கேட்டால் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லுவினமாம்.”

“உங்களிட்டைக் கிரைண்டரே இல்லையே!” என்றாள் கோசிகா.

“நானும் அதைத்தான் சொன்னனான். நம்புகினம் இல்லை. நீர் ஒருக்கா அரைக்காமல் இருந்து பாருமன்.”

“உங்களுக்கு விசரே? லண்டனில நான் அரைக்கிறது அங்க கேக்குமே?”

எரிச்சலில் கோசிகா கிரைண்டரை முழு வேகத்தில் போட்டாள்.

அவளுடைய காலடியில், தரைக்குக் கீழிருந்து, யாரோ மூன்று முறை இடித்தார்கள்.

“கேக்குதே? இடிக்கினம்,” என்றான் பிரதாபன்.

கோசிகா இருந்தது தரைத்தளத்தில். அதற்குக் கீழே வெறும் மண்.