ஒன்பது ஆண்டு துடித்த தவளை இதயம்

ஒரு தவளையின் இதயத்தைத் தனியாக எடுத்து ஒன்பது ஆண்டு துடிக்க வைத்தவன் நான். சிரிக்காதீர்கள். நான் விட்ட கதைகளைச் செங்கல்லாக அடுக்கினால் மூன்று மாடி எழும்பும். ஆனால் இது அந்தச் செங்கல் இல்லை.

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். தவளை இதயத்துக்கு மூன்று அறைதான். வெளியே எடுத்து உப்புக் கரைசலில் போட்டாலும் கொஞ்ச நேரம் துடிக்கும், பிறகு நின்றுவிடும். இந்த ஒன்று மட்டும் நிற்கவில்லை. தினமும் காலையில் கிண்ணத்தில் கரைசலை மாற்றுவேன். நிமிடத்துக்கு நாற்பது துடிப்பு. பேராசிரியை மேடம் நம்பவே இல்லை.

"அண்ணே, தினம் புதுசா ஒண்ணப் போட்டு வச்சுட்டு எங்கிட்டயே அளக்குறீங்களா?" என்பார்.

ஒன்பதாம் ஆண்டில் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. கரைசல் மாற்ற ஆளில்லாமல் செத்திருக்கும் என்று நினைத்தேன். யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகாத என்னையே பதினோரு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், ஓய்வு பெற்றுவிட்ட மேடத்தைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல் இதயக் கதையை ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க மேல தப்பில்லண்ணே. நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்க புளுகு வெளுத்துடும்னு ரெண்டாம் நாள் போய்ப் பார்த்தேன். துடிச்சுட்டு இருந்துச்சு. பயந்துட்டேன். நான்தான் சிங்க்ல ஊத்தினேன். போகும்போதும் துடிச்சுட்டேதான் போச்சு."