பாதிப் படகு

படகையே வீடாகக் கொண்ட எங்கள் மோக்கன் கூட்டத்தில் ஓர் ஆள் செத்தால், அவர் படகையே இரண்டாக அறுத்து, ஒரு பாதியில் அவரைக் கிடத்தி, எதிர்த்தீவின் காட்டுக்குள் வைத்துவிடுவோம். என் அண்ணன் டூனுங்கையும் அப்படித்தான் வைத்தோம்.

இனி இந்தக் கரையில் படகு கட்டக்கூடாது என்றான் அரசின் கடல் பூங்காக் காவலன் நரோங். அவன் காகிதத்தில் சுரின் தீவுகளில் ஆமையும் பவளப்பாறையும்தான் உண்டாம், நாங்கள் இல்லையாம். மறுநாள் காலை அண்ணனின் பாதிப் படகு எங்கள் கரையோரம் மிதந்தது. பின்பாதி இல்லாமலே மூழ்காமல் நின்றது.

"யாருது இது, பெருசு?" என்றான் நரோங்.

"எங்கண்ணனோடது."

"அவன வந்து எடுக்கச் சொல்லு."

"நீயே சொல்லு தம்பி. நான் சொன்னா என்னிக்குக் கேட்டான்?"

நரோங் அதை இழுத்துப்போய்த் தன் அலுவலகத் துறையில் கட்டினான். விடிந்ததும் அது மறுபடி எங்கள் கரையில் நின்றது, அவன் கயிற்றோடு.

இப்போது அதில், நான் மூட்டாமலே, அடுப்புப் புகை எழுகிறது. என் படகை அதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன், நரோங்கின் கயிற்றாலேயே.