அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

"ஜூனி, அம்மாவை வெளியில போகச் சொன்னேன்ல?"

திரையில் தெரிந்த எட்டு வயதுச் சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேசை விசிறியின் காற்றில் அவளுடைய கையில்லாத சட்டை படபடத்தது.

"இங்க யாரும் இல்ல, மிஸ்."

மிஸ் ரைலன் கணினிவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஜூனியின் வீடு கன்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே, ஆசிரியையின் ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில் இருந்தது. அந்தப் பள்ளியில் குழந்தை பாடம் படிக்கும்போது வீட்டில் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வாசிப்புத் தேர்வின்போது மட்டும் அந்தப் பெரியவர் அறைக்குள்ளேயே வரக் கூடாது.

"இப்பத்தான் அம்மா பேசினாங்களே. நான் கேட்டேனே."

கேட்டது உண்மைதான். 'ஸ்வெட்டரைப் போட்டுக்க கண்ணு, வெளியில பனி கொட்டுது' என்று ஒரு பெண்குரல் தெளிவாகச் சொல்லியிருந்தது. மே மாத வெயிலில் பனியாம். இது ஏதோ சங்கேதம் என்றுதான் ஆசிரியைக்குப் பட்டது.

"சரி, மடிக்கணினியை இன்னொரு தடவை சுத்திக் காட்டு."

இணையக் கம்பி எட்டுகிற இடம் சமையலறை மேசை மட்டும்தான். ஜூனி கம்பி கழன்றுவிடாமல் கணினியை மெல்லத் திருப்பினாள். அடுப்பு, கழுவாத தட்டுகள், சாத்தியிருந்த படுக்கையறைக் கதவு, ஃப்ரிட்ஜின் மேல் சார்ஜரில் செருகிக் கிடந்த ஒரு கைப்பேசி.

"அந்தப் போன் யாரோடது?"

"அம்மாவோடது."

ஜூனிக்கு எட்டாத உயரம், போகட்டும். ஆனால் போன் இங்கே இருந்தால் ஆள் எங்கே போயிருப்பாள்? கதவுக்குப் பின்னால்தான். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து இந்த வகுப்பை ஏற்றதிலிருந்து மிஸ் ரைலன் அந்தக் குரலைத் தினமும் கேட்டு வருகிறாள், முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று விட்டிருந்தாள்.

"படிம்மா. முதல் வரியிலேருந்து."

ஆற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைப் பற்றிய பத்தி. ஜூனி நன்றாகவே படித்தாள். ஒரு நீளமான சொல் வந்ததும் தடுக்கி நின்றாள்.

"தெரியாத வார்த்தை வந்தா பயப்படாத கண்ணு. உடைச்சு உடைச்சுப் படி."

மறுபடியும் அதே குரல். ஜூனி சொல்லை மூன்று துண்டாக உடைத்தாள், சேர்த்தாள், சரியாகப் படித்துவிட்டாள்.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ஜூனி, இது ரெண்டாவது தடவை."

"நான் கேக்கல, மிஸ். அவங்களாத்தான் சொல்றாங்க."

"இதெல்லாம் பதிவாகுதும்மா. இன்னொரு தடவை அம்மா குரல் கேட்டா தேர்வு செல்லாது. அப்புறம் நீ மறுபடியும் மூணாம் கிளாஸ். நான் நினைச்சாக்கூட மாத்த முடியாது. அப்பா வீட்டுல இருக்காரா?"

"தூங்குறாரு. ராத்திரி ஷிஃப்ட்."

"எழுப்பு."

படுக்கையறைக் கதவு திறந்தது. இறைச்சி ஆலையில் இரவெல்லாம் நின்ற டேரல் பனியனோடு வந்து குனிந்து திரையைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

"தப்பு ஏதாவது பண்ணிட்டாளா, மேடம்?"

"அவ தங்கம். வீட்டுக்காரம்மாதான் வாயை மூட மாட்டேங்குறாங்க. பத்தே நிமிஷம் அவங்களைக் கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போங்க."

டேரல் நிமிர்ந்து நின்றான். பிறகு ஃப்ரிட்ஜ் வரை நடந்தான். கையைத் தூக்கினான், தூக்கிய கை அப்படியே நின்றது. சற்று நேரம் கழித்து அதைக் கீழே இறக்கித் தொடையில் துடைத்துக்கொண்டான்.

"என்னால முடியலைங்க."

"என்ன சார், வீட்டுல அவ்வளவு பயமா?" ஆசிரியை இலேசாகச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். நான் திட்டினேன்னு சொல்லுங்க, பழி என் மேல இருக்கட்டும்."

"மேடம், இவ மார்க்கு..." அவன் திரும்பி வந்து திரைக்கு முன்னால் குனிந்தான். "வேற வழியே இல்லையா?"

"வழி உங்க கையிலதான இருக்கு? பெத்த பொண்ணுக்காக ஒரு அம்மா பத்து நிமிஷம் சும்மா இருக்க மாட்டாங்களா?"

டேரல் மகளைப் பார்த்தான். ஜூனி அவனைப் பார்த்தாள். விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பியது.

"சபாஷ் கண்ணு," என்றது குரல். "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போ."

ஜூனி பழக்கத்தில் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

மிஸ் ரைலனுக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. விதி விதிதான். 'செல்லாது' என்ற கட்டத்துக்கு அம்புக்குறியை நகர்த்தினாள்.

"நான் என்ன பண்ணட்டும், ஜூனி? நீயாவது சொல்லியிருக்கலாமே, அம்மாகிட்ட."

ஜூனி கோப்பையைச் சத்தம் வராமல் மேசை மேல் வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்த அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் திரையை நெருங்கி வந்தாள்.

"சார்ஜர்லேருந்து கழட்டினா அந்தப் போன் அணைஞ்சிடும், மிஸ், அப்புறம் அதுல அம்மா பேசி வச்சுட்டுப் போன குரல் திரும்ப வருமான்னு அப்பாவுக்குத் தெரியல."